அபராதம்

கடற்கரை வீதியில் கை காட்டினார்.
வெள்ளை அங்கிக்கு மேல் மழைக்கோட்டு.
"பாலையூற்றுக்கு, அண்ணே. கொஞ்சம் மெல்லமாய்."
நெஞ்சுப் பையை உள்ளங்கையால் பொத்தியபடி ஏறினார்,
கோழிக்குஞ்சு கொண்டுபோகிறவரைப் போல.

ஓட்டோ நகர்ந்த பிறகுதான் விளங்கியது
யாரை ஏற்றியிருக்கிறேன் என்று.

நோயாளிக்கு நற்கருணை.
என் பின்சீட்டில்,
கிழிந்த றெக்சீனுக்கு மேல்,
ஒன்பது வருசத்துக்கு முன்
டச்பேயில் நான் துப்பியது.

சொல்கிறேன்.
ஜெனோவாவுக்கு ஆறு வயது. டெங்கு.
அடக்கம் முடிந்த ஞாயிறு
வரிசையில் நின்றேன், நாக்கை நீட்டினேன்,
விழுங்கவில்லை.
கன்னத்துக்குள் அடக்கிக் கடல்வரை நடந்தேன்.
பாதி கரைந்திருந்தது.
மீதியை அலையில் துப்பிவிட்டு
பரிசுத்த ஆவியின் பேரைச் சொல்லி
ஒரு சொல் சொன்னேன்.
நடுக்கடலில் என்ஜின் நின்ற இரவிலும்
வள்ளத்தில் எவனும் சொல்லாத சொல்.

ஆவிக்கு எதிரான பாவத்துக்கு
இம்மையிலும் இல்லை, மறுமையிலும் இல்லை மன்னிப்பு.
சின்ன வயதில் மறைக்கல்வியில் கேட்டது
அன்றிரவு பாயில் என் பக்கத்தில்
வந்து படுத்துக்கொண்டது.

மறுநாள் வலை நிறையச் சூடை.
இதில் எது விழுங்கியதோ.
வலையை மச்சானிடம் கொடுத்தேன்,
லீசிங்கில் ஓட்டோ எடுத்தேன்,
மீன் தொடுவதை விட்டேன்.
எமில்டா கேட்டாள். அலர்ஜி என்றேன்.
பூசைக்குப் போவேன், போகாமல் இல்லை;
வெளியே, செருப்புகளோடு நிற்பேன்.

பஸ் நிலையத்தடியில் மான்கள், நடு வீதியில்.
நிறுத்தினேன்.
ஒன்றின் கொம்பில் ஷொப்பிங் பை சிக்கி
காற்றுக்கு ஊதி ஊதி அடங்கியது.
"கண்ணாடியில் செபமாலை தொங்குது,
எந்தப் பங்கு, அண்ணே?"
எனக்குப் பங்கே இல்லை, சுவாமி என்றேன்.
அதோடு வாய் நிற்கவில்லை.

மான்கள் போய்விட்டன.
பின்னால் லொறிக்காரன் ஹோர்னில் கையை வைத்து எடுக்கவில்லை.
ஓரங்கட்டினேன். திரும்பவில்லை.
கண்ணாடியைப் பார்த்தே சொல்லி முடித்தேன்;
அதில் என் முகம் பாதி, அவர் முகம் பாதி.

மீசை சரியாய் முளைக்காத பிள்ளை.
கனநேரம் பேசவில்லை.
"ஒன்பது வருசமும் பயந்தீங்களா?"
ஒவ்வொரு இரவும்.
"மனம் கல்லாய்ப்போனவன்
செருப்புக்குக் காவல் நிற்கமாட்டான், அண்ணே."
பிறகு,
"கடல் அவருக்குப் புதிசில்லை. நடந்து பழகினவர்."
பிறகு குரல் இறங்கி,
"இதைவிட நல்லாய்ச் சொல்ல எனக்குத் தெரியேல்லை."

இடது கை நெஞ்சுப் பையிலேயே இருக்க
வலது கையைச் சீட்டுக் கம்பிக்கு மேலால் நீட்டினார்.
பிதா என்றார். சுதன் என்றார்.
அடுத்த பேர் வரும்போது
ஹாண்டிலை இறுக்கிப் பிடித்தேன்.

ஒன்றும் நடக்கவில்லை.
மழை பெய்துகொண்டிருந்தது,
வைப்பர் ஒருமுறை கீச்சிட்டது.

"அபராதம்..." என்று யோசித்தார்.
அபராதம் என்றால் நான் அறிந்தது
மடத்தடியில் பொலிஸ் எழுதும் துண்டுதான்.
"இன்றைக்கு மீன் சாப்பிடுங்கோ."
வேறு?
"வேறொன்றுமில்லை. ஓட்டுங்கோ,
அந்த அம்மா பார்த்துக்கொண்டிருப்பா."

அரைக்கிலோ சூடை வாங்கிப் போனேன்.
எமில்டா பையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.
"அலர்ஜி?"
விட்டுட்டுது.
தலைகளை அரிந்தாள். வால்களை விட்டுவிட்டாள்.
மொறுமொறுவென்று வால்தான் கேட்பாள் ஜெனோவா.
இருவரும் அதைப் பேசவில்லை.

முதல் வாயிலேயே முள்.
தொண்டையில் குத்தி நின்றது.
கண்ணால் தண்ணீர் வழிய இருமினேன்.
"வெறுஞ்சோற்றை உருட்டி விழுங்குங்கோ" என்று
தானே உருட்டி நீட்டினாள்.
சின்ன, வெள்ளை உருண்டை.
நாக்கில் வைத்தேன்.
துப்பவில்லை.

முள் இறங்கியதோ தெரியாது.
இப்போதும் ஏதோ உறுத்துகிறது, எச்சில் விழுங்கினால்.
ஞாயிற்றுக்கு இன்னும் மூன்று நாள்.